பழைய மென்பொருளும் புதிய நிரலகமும்: வாசகர் கேள்வி – பதில்

லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு உயர்த்திய பிறகு, நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் திறக்க மறுக்கிறது என்ற குறையோடு இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றைச் சுருக்கி இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்பை, லைப்ரரி என்று பேச்சில் சொல்வதை, நிரலகம் என்று எழுதுகிறோம். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

*

எங்கள் மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில் போடும் மென்பொருள் உபுண்டு லினக்ஸ் 20.04-இல் நன்றாக ஓடியது. 22.04-க்கு அப்கிரேட் செய்த பிறகு, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்ற கோப்பைத் திறக்க இயலவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. புதிதாக வந்திருக்கும் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க், அதாவது அந்தக் கோப்பைச் சுட்டும் மாற்றுப் பெயர், போட்டால் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். போட்டாலும் பில் வராது. பிழைச் செய்திதான் மாறும். நீங்கள் சொல்லும் கோப்பு, வலைத்தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தைச் சேர்ந்தது. உபுண்டு 20.04-இல் இருந்தது ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1. 22.04-இல் அந்த இடத்துக்கு ஓபன்எஸ்எஸ்எல் 3.0 வந்துவிட்டது. கோப்பின் பெயரில் எஸ்ஓ என்பதற்குப் பின்னால் நிற்கும் எண், நிரலகத்தை எழுதியவர்கள் தரும் உறுதிமொழி: அந்த எண் மாறாதவரை பழைய நிரல்கள் இந்த நிரலகத்தை நம்பலாம், மாறிவிட்டால் நம்பக் கூடாது. சிம்லிங்க் போடுவது அந்த அறிவிப்பை மறைப்பதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. நல்லவேளையாக, ஓபன்எஸ்எஸ்எல்லில் ஒவ்வொரு செயற்கூற்றின் (ஃபங்ஷன்) பெயரோடும் ஒரு பதிப்புக் குறி சேர்ந்திருக்கிறது. உங்கள் மென்பொருள் ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0 என்ற குறியைத் தேடும். புதிய கோப்பில் அது இல்லை. எனவே நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடர் அங்கேயே நிறுத்திவிடும். இப்படிப்பட்ட குறி இல்லாத நிரலகமாக இருந்திருந்தால், மென்பொருள் திறந்து, நாலு பில் போட்டு, ஐந்தாவதில் எங்கோ முறிந்திருக்கும். திறக்காமலே நிற்பது அதைவிட எவ்வளவோ மேல்.

பழைய கோப்பு எங்கே போயிற்று என்றால், பெரும்பாலும் நீங்களே அனுமதி கொடுத்து நீக்கியிருப்பீர்கள். அப்கிரேடின் கடைசிக் கட்டத்தில், இனித் தேவைப்படாத தொகுப்புகளை நீக்கிவிடலாமா என்று உபுண்டு கேட்கும். பில் மென்பொருள் உபுண்டுவின் தொகுப்பாக நிறுவப்படாமல், ஒரு கோப்புறையாகக் கொண்டுவந்து வைக்கப்பட்டதாக இருந்தால், அதற்கு எந்த நிரலகம் தேவை என்பது உபுண்டுவின் பதிவேட்டில் இருக்காது. யாருக்கும் வேண்டாத பொருள் என்று கருதி அது அகற்றிவிடும்.

செய்ய வேண்டியது இது. உபுண்டு 20.04-இன் களஞ்சியத்திலிருந்து லிப்எஸ்எஸ்எல்1.1 தொகுப்பை இறக்குங்கள். அதை நிறுவாமல், டிபிகேஜி-டெப் கட்டளையால் வேறு ஓர் இடத்தில் விரித்து, உள்ளே இருக்கும் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1, லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.1 ஆகிய இரண்டையும் பில் மென்பொருளின் கோப்புறைக்குள் ஓர் உட்கோப்புறையில் வையுங்கள். பிறகு ஒரு சிறிய தொடக்க ஸ்கிரிப்ட் எழுதி, எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியில் அந்த உட்கோப்புறையின் பாதையைக் கொடுத்து, அடுத்த வரியில் மென்பொருளை இயக்கச் செய்யுங்கள். மேசைத்திரையில் உள்ள ஐகான் இனி இந்த ஸ்கிரிப்டைத் திறக்கட்டும். அந்தச் சூழல் மாறியைப் பாஷ்ஆர்சி கோப்பிலோ கணினி முழுவதற்குமான அமைப்புக் கோப்பிலோ எழுதிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பழைய நிரலகம் உலாவி முதல் கோப்பு மேலாளர் வரை எல்லாவற்றின் பாதையிலும் வந்து நிற்கும்.

ஸ்கிரிப்ட் வேண்டாம் என்றால், பேட்ச்எல்ஃப் என்ற கருவியைக் கொண்டு மென்பொருளின் கோப்புக்குள்ளேயே பாதையைப் பதித்துவிடலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. பேட்ச்எல்ஃப் வழக்கமாகப் பதிப்பது ரன்பாத் எனப்படும் வகை. அது பதிக்கப்பட்ட கோப்பு நேரடியாகக் கேட்கும் நிரலகங்களுக்கு மட்டுமே உதவும். அந்த நிரலகங்கள் தம் பங்குக்குக் கேட்கும் பிற நிரலகங்களுக்கு உதவாது. லிப்எஸ்எஸ்எல் தானும் லிப்கிரிப்டோவைக் கேட்பதால், லிப்எஸ்எஸ்எல் கோப்பிலும் அதே பாதையைப் பதித்துவிடுவது நல்லது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பில் மென்பொருள் கடைக்குள் இருக்கும் சர்வரோடு மட்டும் பேசுகிறது என்றால் மேற்சொன்ன ஏற்பாட்டில் சில காலம் ஓட்டலாம். இணையத்துக்குப் போய் வருகிறது என்றால், வேறு மென்பொருள் தேடும் வேலையை இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள்.

*

பின்னலாடைக் கூடங்களுக்கான இருப்புக் கணக்கு மென்பொருளை நானும் நண்பரும் சி++ மொழியில் எழுதுகிறோம். எங்கள் உபுண்டு 22.04 கணினியில் கம்பைல் செய்து இயங்கும் கோப்பாக்கியதை வாடிக்கையாளரின் சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ் சர்வரில் ஓட்டினால், ஜீலிப்சி_2.34 என்ற பதிப்பு காணப்படவில்லை என்று வருகிறது. எங்கள் கணினியிலிருந்து லிப்சி.எஸ்ஓ.6 கோப்பை அங்கே நகலெடுத்து வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?
– வாசகர், திருப்பூர்

அந்தக் கோப்பைத் தொடவே தொடாதீர்கள். லிப்சி.எஸ்ஓ.6 என்பது குனு சி நிரலகம், அதாவது ஜீலிப்சி. பட்டியலிடும் எல்எஸ், நகலெடுக்கும் சிபி, நிர்வாக உரிமை தரும் சூடோ என எல்லாமே அதன்மேல் நிற்பவை. அதுவும், எல்டி-லினக்ஸ் என்று தொடங்கும் லோடர் கோப்பும் ஒரே பதிப்பின் ஜோடியாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிய நொடியில் எந்தக் கட்டளையும் ஓடாது; தவறைத் திருத்தப் பழைய கோப்பைத் திரும்ப நகலெடுக்கலாம் என்றால், நகலெடுக்கும் கட்டளையும் ஓடாது. பென்டிரைவிலிருந்து வேறு லினக்ஸை இயக்கித்தான் மீட்க வேண்டியிருக்கும்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். ஓபன்எஸ்எஸ்எல் தன் எண்ணை மாற்றிக்கொள்கிறது என்று முதல் கடிதத்துக்கான பதிலில் கண்டோம். ஜீலிப்சி அப்படிச் செய்வதில்லை. 1997-இல் அதன் 2.0 பதிப்பு வந்தபோது லினக்ஸ் உலகம் லிப்சி.எஸ்ஓ.5-இலிருந்து லிப்சி.எஸ்ஓ.6-க்கு மாறியது, அதன் பிறகு அந்த 6 மாறவே இல்லை. அதற்குப் பதிலாக, ஒரு செயற்கூற்றின் நடத்தை மாறும்போது, பழைய நடத்தையைப் பழைய குறியோடும் புதிய நடத்தையைப் புதிய குறியோடும் ஒரே கோப்புக்குள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். பழைய நிரல் பழைய குறியைக் கேட்டுப் பழையதைப் பெறும்; இன்று கம்பைல் செய்யும் நிரலில் புதிய குறி பதியும்.

இதற்கு ஒரு நல்ல சான்று மெம்சிபிஒய் செயற்கூற்றின் கதை. நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை வேறோர் இடத்துக்கு நகலெடுப்பது அதன் வேலை. இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது, மெம்மூவ் என்ற மற்றொன்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சி மொழியின் விதி. ஆனால் விதியை மீறிய நிரல்களும் பல ஆண்டுகள் சிக்கலின்றி ஓடின. ஏனென்றால் அது பெரும்பாலும் முன்னிருந்து பின்னாகவே நகலெடுத்தது. 2010-இல் வேகத்துக்காக, சில இன்டெல் செயலிகளில் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கும் வடிவம் ஜீலிப்சியில் வந்தது. ஃபெடோரா 14-இல் 64-பிட் ஃப்ளாஷ் பிளேயரின் ஒலி கரகரக்கத் தொடங்கியது. தவறு ஃப்ளாஷ் பிளேயருடையது என்று ஒரு தரப்பு சொல்ல, பயனருக்கு ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனால் யார் தவறு என்பது பேச்சே அல்ல என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பிழைப் பதிவிலேயே வாதிட்டார். கடைசியில் 2011-இல் வந்த 2.14 பதிப்பில், மெம்சிபிஒய் செயற்கூற்றுக்கு ஜீலிப்சி_2.14 என்ற புதிய குறி தரப்பட்டது. பழைய குறியைக் கேட்டு வரும் நிரல்களுக்கு மெம்மூவின் பாதுகாப்பான நடத்தை கிடைக்கும்படி செய்யப்பட்டது. ஃப்ளாஷ் போன்ற பழைய நிரல்கள் பிழைத்தன. ஆனால் அன்று முதல் 64-பிட் கணினியில் மெம்சிபிஒய் பயன்படுத்திப் புதிதாகக் கம்பைல் செய்த எந்த நிரலும் 2.14-க்கு முந்தைய கணினிகளில் ஓடாமல் போயிற்று.

உங்களுக்கு நேர்ந்ததும் அதுவே. 2021-இல் வந்த 2.34 பதிப்பில், தனியாக இருந்த லிப்பித்ரெட் போன்றவை லிப்சிக்குள் சேர்க்கப்பட்டன. நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூற்றுக்கும் அதே பதிப்பில் புதிய குறி வந்தது. நிரல் எதுவாயினும் அந்தச் செயற்கூறு வழியாகத்தான் தொடங்கியாக வேண்டும். ஆகவே, ஒன்றுமே செய்யாத வெற்று நிரலைக்கூட உங்கள் 22.04 கணினியில் வழக்கம்போலக் கம்பைல் செய்தால் அது 2.34-ஐக் கேட்கும். சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17. பழைய நிரல் புதிய ஜீலிப்சியில் ஓடும் என்பதே ஜீலிப்சி தரும் வாக்கு. புதிய ஜீலிப்சியில் பிறந்த நிரல் பழையதில் ஓடும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

வழி எளிது: உங்கள் வாடிக்கையாளர்களிடம் இருப்பவற்றுள் மிகப் பழைய கணினி எதுவோ, அந்தச் சூழலில் கம்பைல் செய்யுங்கள். அதற்காகப் பழைய கணினி வாங்க வேண்டியதில்லை, ஒரு லினக்ஸ் சூழலை அதன் நிரலகங்களோடு தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னர் போதும். பைத்தான் உலகத்தார் இதே சிக்கலுக்காக 2016-இல் மெனிலினக்ஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் மெனிலினக்ஸ்2014 படிமம் சென்ட்ஓஎஸ் 7-ஐ அடிப்படையாகக் கொண்டது. உள்ளே ஜீலிப்சி 2.17-உம், அதோடு ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்ட புதிய ஜிசிசி கம்பைலரும் இருக்கின்றன. நீங்கள் பைத்தானில் எழுதாவிட்டாலும் அதைப் பயன்படுத்தலாம். ஜிக் மொழியின் கருவித்தொகுதியோடு வரும் சி கம்பைலரில், எந்த ஜீலிப்சி பதிப்புக்காகக் கம்பைல் செய்ய வேண்டும் என்று எண்ணைக் கொடுத்தே கேட்கலாம்; அதுவும் நல்ல வழி. எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே அடைத்து ஸ்டாட்டிக்காகக் கம்பைல் செய்யச் சொல்பவர்களும் உண்டு. ஜீலிப்சியை அப்படி அடைத்தாலும், சர்வர் பெயரை முகவரியாக மாற்றும் வேலைக்கு அது ஓடும் கணினியின் நிரலகங்களைத் தேடிப் போகும் என்பதால், வலைப்பின்னலோடு பேசும் உங்கள் மென்பொருளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அனுப்புவதற்கு முன் ஆப்ஜ்டம்ப் கட்டளையைப் பெரிய டி (T) விருப்பத்தோடு இட்டு, ஜீலிப்சி_ என்று தொடங்கும் குறிகளுள் மிகப் பெரிய எண் எது என்று பாருங்கள். 2.17-ஐத் தாண்டவில்லை என்றால் அனுப்பலாம். சி++ என்பதால் ஜீலிப்சிஎக்ஸ்எக்ஸ்_ என்று தொடங்கும் குறிகளையும் பாருங்கள். அவை லிப்எஸ்டிடிசி++ நிரலகத்துக்கு உரியவை, தனிக் கணக்கு. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் வாடிக்கையாளரிடம் மென்மையாகச் சொல்லிவையுங்கள்.

*

பழைய நில அளவை மென்பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, இயக்கும் உரிமையும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை என்கிறது டெர்மினல். இது என்ன மாயம்?
– வாசகர், நாகர்கோவில்

டெர்மினல் இல்லை என்று சொல்வது உங்கள் கோப்பை அல்ல; அந்தக் கோப்பு தன்னை ஏற்றித் தரும்படி கேட்கும் லோடரை. ஃபைல் என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள். 32-பிட் என்றும், எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2 என்ற லோடர் தேவை என்றும் காட்டும் என்று எதிர்பார்க்கிறேன். 64-பிட் உபுண்டுவை நிறுவும்போது அந்த லோடர் வருவதில்லை. டிபிகேஜி கட்டளையால் ஐ386 எனப்படும் 32-பிட் இன்டெல் கட்டமைப்பைச் சேர்த்து, ஆப்ட் பட்டியலைப் புதுப்பித்து, லிப்சி6 தொகுப்பின் ஐ386 வடிவத்தை நிறுவினால் இந்தச் செய்தி போய், அடுத்து எந்த நிரலகம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லத் தொடங்கும். ஒவ்வொன்றாக ஐ386 வடிவத்தில் நிறுவிக்கொண்டே போங்கள். 32-பிட் தொகுப்புகளை அடியோடு கைவிடப் போவதாக உபுண்டு 2019 ஜூன் மாதம் அறிவித்தது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன், விளையாட்டுகளுக்கான ஸ்டீம் ஆகியவற்றைப் பயன்படுத்துவோரிடமிருந்து எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு தேர்ந்தெடுத்த தொகுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டது. அதனால் நீங்கள் தேடும் நிரலகங்கள் எல்லாமே அங்கே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் தேடினால் வாய்ப்பு கூடுதல்.

*

பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸின் முதல் விதி என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். அப்படியானால் ஒவ்வோர் அப்கிரேடிலும் ஏதாவது உடைவது எப்படி?
– கல்லூரி மாணவி, மதுரை

பேராசிரியர் சொன்னது இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பற்றி. அங்கே அந்த விதி மிகக் கண்டிப்பாகவே காக்கப்படுகிறது. ஆனால் நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் நிரல் கெர்னலோடு நேரடியாகப் பேசுவது குறைவு. நடுவே பல நிரலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எழுதுபவர்கள் வேறு, அவர்கள் தரும் வாக்கும் வேறு. ஜீலிப்சி ஒருவகை, ஓபன்எஸ்எஸ்எல் ஒருவகை என்பதை மேலே பார்த்தோம். எந்த வாக்கும் தராத நிரலகங்களும் ஏராளம்.

வாக்குத் தந்தவர்களிடமும் சறுக்கல் நேரும். 2022 ஆகஸ்டில் வந்த ஜீலிப்சி 2.36-ஐ இயல்பான அமைப்புகளோடு கட்டியவர்களின் கணினிகளில், ஈஸி ஆன்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் சில விளையாட்டுகள் திறக்கவில்லை. செயற்கூறுகளின் பெயர்களைத் தேட நிரலகக் கோப்புக்குள் டிடி_ஹாஷ் என்றோர் அட்டவணை உண்டு. அதைவிட வேகமான டிடி_குனு_ஹாஷ் 2006 முதலே இருப்பதால், பழையது வீண் சுமை என்று கருதப்பட்டு, அதைக் கட்டாயமாகச் சேர்க்கும் ஏற்பாடு நீக்கப்பட்டது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோ பழைய அட்டவணையைத் தானே நேரடியாகப் படித்துக்கொண்டிருந்தது. செயற்கூறு ஒன்றுகூட மாறவில்லை, குறி எதுவும் மாறவில்லை, ஆனாலும் உடைந்தது. ஆர்ச் லினக்ஸ் போன்ற வழங்கல்கள் அந்த அட்டவணையைத் திரும்பச் சேர்த்துத் தீர்த்தன. லினக்ஸின் நிரல்களும் நிரலகங்களும் பின்பற்றும் எல்ஃப் கோப்பு வடிவத்தின் விவரக்குறிப்பு அந்த அட்டவணையைக் கட்டாயம் என்றே சொல்கிறது. ஆகவே இந்த வழக்கில் என் தீர்ப்பு விளையாட்டுக்காரர்களின் பக்கம்தான்.

*

உபுண்டு 24.04-இல் ஆரக்கிள் தரவுத்தளத்தின் கிளையன்ட் லிப்ஏஐஓ.எஸ்ஓ.1 இல்லை என்கிறது. தொகுப்பை நிறுவிவிட்டேன், ஆனால் கோப்பின் பெயர் லிப்ஏஐஓ.எஸ்ஓ.1டி64 என்று இருக்கிறது. சிம்லிங்க் போடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் கணினி 64-பிட் என்றால் போடலாம். தஞ்சாவூர் வாசகருக்குக் கூடாது என்று சொன்னதை உங்களுக்குச் சரி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1970 முதல் கழிந்த வினாடிகளை 32-பிட் எண்ணில் வைத்திருக்கும் நிரல்களுக்கு, இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு எண் தீர்ந்துவிடும். அதற்காக டெபியனும் உபுண்டுவும் 32-பிட் ஏஆர்எம் செயலி கொண்ட கணினிகளில் நேரத்தை 64 பிட்டாக விரித்தன. நேரத்தைக் கையாளும் நிரலகங்களின் இடைமுகம் அங்கே மாறியதால், தொகுப்புகளின் பெயரில் டி64 என்ற ஒட்டு சேர்ந்தது. பெயரை எல்லாக் கட்டமைப்புகளுக்கும் ஒன்றாக மாற்றியதால் உங்கள் கணினியிலும் பெயர் மாறியது. ஆனால் 64-பிட் கணினியில் நேரம் முதலிலிருந்தே 64 பிட். உள்ளே எதுவும் மாறவில்லை. பழைய பெயரில் அதே பொருளைக் காட்டுவதில் தவறில்லை. சிம்லிங்க்கை ஆரக்கிள் கிளையன்ட்டின் கோப்புறையிலேயே வைத்துவிடுங்கள், கணினியின் பொது நிரலகக் கோப்புறையில் வேண்டாம். ராஸ்பெரி பையில் 32-பிட் இயங்குதளம் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

இதில் ஒரு சுவையான விதிவிலக்கு: 32-பிட் இன்டெல் கட்டமைப்பான ஐ386-இல் டெபியன் நேரத்தை விரிக்கவில்லை. நாகர்கோவில் வாசகரைப் போன்றோரின் பழைய நிரல்களை ஓட்டுவதற்காகவே இன்று அந்தக் கட்டமைப்பு பெரும்பாலும் பயன்படுகிறது. விரித்தால் அந்த நிரல்கள் உடையும். 2038-ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

*

எங்கள் ஆலையின் பழைய கட்டுப்பாட்டு மென்பொருளை, அது ஓடிய சென்ட்ஓஎஸ் 6 சூழலோடு சேர்த்துக் கன்டெய்னராக்கிவிட்டோம். பழைய சர்வரில் ஓடியது. புதிய டெபியன் சர்வரில், ஒரு பிழைச் செய்திகூட இல்லாமல் 139 என்ற எண்ணோடு வெளியேறிவிடுகிறது. கன்டெய்னருக்குள் எல்லாமே இருக்கும்போது வெளியே என்ன மாறினால் என்ன?
– வாசகர், ஓசூர்

எல்லாமே இல்லை, கெர்னல் இல்லை. தட்டுமுட்டுச் சாமான்கள் அனைத்தையும் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குக் குடிபோனாலும் அந்த ஊர்க் கிணற்றில்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். கன்டெய்னர் நிரலகங்களைச் சுமந்து செல்லும், ஆனால் எந்தச் சர்வரில் ஓடுகிறதோ அதன் கெர்னலையே பயன்படுத்தும்.

139 என்பது 128-உம் 11-உம். 11 என்பது தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்ட நிரலைக் கெர்னல் நிறுத்தும் சிக்னல். சென்ட்ஓஎஸ் 6-இன் ஜீலிப்சி 2.12, நேரம் கேட்பது போன்ற சில வேலைகளுக்கு விசிஸ்கால் எனப்படும் ஒரு நினைவகப் பக்கத்துக்குத் தாவும். அந்தப் பக்கம் எல்லா நிரல்களிலும் ஒரே முகவரியில் இருந்தது. எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் பக்கம் தாக்குபவர்களுக்கு வசதி என்பதால், டெபியன் போன்றவை தங்கள் கெர்னலில் அதை அடைத்துவிட்டன. பழைய ஜீலிப்சி அங்கே தாவும்போது இடம் காலியாக இருக்கிறது. புதிய சர்வரில், கன்டெய்னருக்கு வெளியே, டிமெஸ்ஜி கட்டளையை இட்டுப் பாருங்கள். விசிஸ்கால் முயற்சி நடந்தது, ஆனால் அது அடைக்கப்பட்டிருக்கிறது (none) என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கெர்னலின் தொடக்க விருப்பங்களில் விசிஸ்கால்=எமுலேட் என்று சேர்த்து, சர்வரை மீண்டும் தொடங்குங்கள். அந்தச் சர்வரில் ஓடும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்பதால், இந்த மென்பொருளுக்கென்றே தனிச் சர்வர், முடியாவிட்டால் தனி மெய்நிகர் கணினி ஒதுக்கிவிடுவது பொருத்தம். ஆலைக் கட்டுப்பாடு என்பதால் மெய்நிகர் கணினியையே நான் தேர்ந்தெடுப்பேன். அதற்குள் பழைய கெர்னலையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம்.

சென்ட்ஓஎஸ் 6-க்கான ஆதரவு 2020 நவம்பரோடு முடிந்து, அதன் களஞ்சியம் வழக்கமான இடத்திலிருந்து அகற்றப்பட்டு ஆவணக் கிடங்குக்குப் போய்விட்டது. எனவே கன்டெய்னர் படிமத்தை டாக்கர் சேவ் கட்டளையால் கோப்பாக எடுத்து, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் கட்டிக்கொள்ளலாம் என்ற துணிச்சல் வேண்டாம்.

*

வானிலை உணர்கருவிகளுக்காக எங்கள் குழு சி மொழியில் ஒரு நிரலகம் எழுதியிருக்கிறது. புதிய பதிப்பில், பல புலங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஸ்ட்ரக்ட் ஒன்றில் ஒரே ஒரு புலத்தைச் சேர்த்தோம். அதைப் பயன்படுத்தும் பழைய நிரல்கள் உடையவில்லை, ஆனால் வெப்பநிலையைத் தாறுமாறாகக் காட்டுகின்றன.
– வாசகர், சென்னை

புலத்தை நடுவில் சேர்த்திருப்பீர்கள். பழைய ஸ்ட்ரக்டில் முதல் 4 பைட் கருவியின் எண், அடுத்த 4 பைட் வெப்பநிலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே 4 பைட் கொண்ட புதிய புலம் வந்தால் வெப்பநிலை தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளிப் போய்விடும். பழைய நிரல் கம்பைல் ஆனபோது அதனுள் பதிந்தது புலத்தின் பெயர் அல்ல, 4 என்ற இடைவெளி எண்தான். அது இன்னும் அங்கேயே படிக்கிறது, புதிய புலத்தின் பிட்டுகளை வெப்பநிலை என்று எண்ணிக் காட்டுகிறது. கடைசியில் சேர்த்தாலும் ஆபத்து நீங்காது. ஸ்ட்ரக்டுக்கான இடத்தைப் பழைய நிரல் ஒதுக்குவதாக இருந்தால், அது பழைய அளவில்தான் ஒதுக்கும். உங்கள் நிரலகம் அதைத் தாண்டி எழுதும்.

இப்போதைக்கு எஸ்ஓ எண்ணை ஒன்று கூட்டி, பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுவும்படி வெளியிடுங்கள். அடுத்த பதிப்பில் ஸ்ட்ரக்டின் உள்ளமைப்பைத் தலைப்புக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, அது இருக்கும் இடத்தைச் சுட்டும் ஒரு பாயின்டரை மட்டும் வெளியே கொடுத்து, வெப்பநிலையைப் படிக்க ஒரு செயற்கூற்றைக் கொடுங்கள். வெளியிடும் முன் லிப்அபிகெய்ல் திட்டத்தின் ஏபிஐடிஃப் கருவியால் இரண்டு பதிப்புகளையும் ஒப்பிட்டால், நகர்ந்த புலங்களை அது காட்டிக்கொடுக்கும். எண்ணைக் கூட்டத் தயங்க வேண்டாம். ஐந்தாவது மவுஸ் பொத்தானுக்கும் கூடுதல் நிறங்களுக்கும் இடம் வேண்டி, டெர்மினல் திரையைக் கையாளும் என்கர்சஸ் நிரலகம் 2015-இல் 5-இலிருந்து 6-க்குப் போனது. உபுண்டு 22.04 வரை இரண்டும் அருகருகே கிடைத்தன, பழையது 24.04-இல்தான் நீங்கியது.

*

அடுத்த மாதம் எங்கள் அலுவலகக் கணினிகளை உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாற்றப் போகிறோம். எது உடையும் என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?
– வாசகர், சேலம்

உண்டு. ஆப்ட் மூலம் வந்தவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை தம் நிரலகங்களோடு சேர்ந்தே மாறும். ஓபிடி கோப்புறையிலும், யுஎஸ்ஆர் லோக்கலிலும், பயனர்களின் சொந்தக் கோப்புறைகளிலும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தவை எவை என்று பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றின் மீதும் ரீட்எல்ஃப் கட்டளையைச் சிறிய டி (d) விருப்பத்தோடு இட்டு, நீடட் என்று தொடங்கும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு எல்டிடி கட்டளையையே பலர் பயன்படுத்துகிறார்கள். அது சில வேளைகளில் நிரலையே இயக்கிவிடக்கூடும் என்பதால், நம்பிக்கையில்லாத கோப்புகளின் மீது அதை இடக்கூடாது. நிரல் ஓடத் தொடங்கிய பிறகு தேவைக்கேற்ப ஏற்றிக்கொள்ளும் நிரலகங்களை ரீட்எல்ஃப் காட்டாது. அவற்றுக்கு எல்டி_டீபக் என்ற சூழல் மாறியில் லிப்ஸ் என்று கொடுத்து நிரலை இயக்கி, அச்சிடுவது, பிடிஎஃப் எடுப்பது, மின்னஞ்சல் அனுப்புவது என எல்லா வேலைகளையும் ஒருமுறை செய்து பாருங்கள். உடைவது பெரும்பாலும் அந்த மூலைகளில்தான்.

24.04-இல் முதலில் தேட வேண்டியவை என்கர்சஸ் 5, அதோடு வரும் லிப்டின்ஃபோ.எஸ்ஓ.5, கோவை வாசகரின் லிப்ஏஐஓ, வலைப்பக்கங்களைக் காட்டும் வெப்கிட்ஜிடிகே 4.0 ஆகியவை. ஆப்இமேஜ் வடிவில் வந்த நிரல்கள் தமக்கு வேண்டிய நிரலகங்களைத் தம்முள் சுமந்து வருபவை என்றாலும், அவற்றுள் பல தம்மைத் திறந்துகொள்வதற்கு லிப்ஃபியூஸ்2-ஐ வெளியே தேடுகின்றன, 24.04-இல் அது லிப்ஃபியூஸ்2டி64 என்ற பெயரில் இருக்கிறது, தனியே நிறுவ வேண்டும்.

ஒரு கணினியின் வட்டைப் படிமமாக எடுத்து மெய்நிகர் கணினியில் ஏற்றி, அங்கே முதலில் அப்கிரேட் செய்து, பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நிஜக் கணினிகளைத் தொடுவதற்கு முன், குறித்துவைத்த நிரலகங்களின் 22.04 தொகுப்புகளை ஆப்ட்-கெட் டவுன்லோடு கட்டளையால் இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டுவையுங்கள். தேவையற்ற தொகுப்புகளை நீக்கலாமா என்று அப்கிரேடின் முடிவில் கேட்கும்போது, இல்லை என்று பதில் சொல்லுங்கள். எல்லாம் சில வாரங்கள் ஓடிய பிறகு ஆப்ட் ஆட்டோரிமூவ் கட்டளையால் அவற்றைப் பார்த்துப் பார்த்து நீக்கிக்கொள்ளலாம்.